மகாஜனத்தை உழைப்பாளர்க்கு உரியதாக்கிய அம்மையார்

அகமதாபாத்தில் 'மகாஜன்' என்பது வணிகர் வழிவழியாக நடத்திவந்த தொழிற்குழு. அப்பெயரையும், வழக்குகளைப் பேசித் தீர்க்கும் அதன் மரபையும் ஆலைத் தொழிலாளர்க்கு உரியதாக்கியவர் அனசூயா சாராபாய் அம்மையார்.

1885-இல் சமணக் குடும்பத்தில் பிறந்த அவர், மருத்துவம் பயில 1912-இல் இங்கிலாந்து சென்றார். உயிரினங்களை அறுத்துக் கற்பது அகிம்சைக்கு ஒவ்வாதென அக்கல்வியைத் துறந்தார். தாயகம் திரும்பித் தொழிலாளர் துயர் துடைக்க முற்பட்டார்.

1918-இல் ஊதிய உயர்வு வேண்டி வேலைநிறுத்தம் மூண்டபோது, ஆலை உரிமையாளர்க்குத் தலைமை தாங்கியவர் அவருடைய தம்பி அம்பாலால். அம்மையாரோ காந்தியடிகளுடன் தொழிலாளர் பக்கம் நின்றார். ஆயினும் உடன்பிறப்பின் அன்பு குன்றவில்லை. நடுவர் தீர்ப்பால் 35 விழுக்காடு உயர்வு கிடைத்தது.

1920-இல் தோன்றிய மஜூர் மகாஜன் சங்கத்துக்குத் தலைமையேற்ற அவர், 1972-இல் மறைந்தார்.

கொள்கையில் மாறுபட்டும் அன்பில் மாறாதிருந்த அவர் வாழ்வை நாம் நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போமாக.