சிரிக்கத் தெரிந்த விஞ்ஞானி

வேதியியல் என்றதும் நம் நினைவுக்கு வருபவை சமன்பாடுகளும், அணு எடைகளும், ஆய்வுக்கூடத்தின் அழுகிய முட்டை நாற்றமுமே. இத்தகைய பாடத்தில் நகைச்சுவைக்கு இடமேது என்று கேட்கத் தோன்றும். இடமுண்டு என்று வாழ்ந்து காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் பிரெடரிக் வோலர். தனிமங்களையும் சேர்மங்களையும் கொண்டே அவர் பிறரைச் சிரிக்க வைத்தார். அச்சிரிப்பைக் கொண்டே ஒரு நண்பரின் சினத்தைத் தணிக்கவும் முயன்றார்.

வோலர் 1800 ஆம் ஆண்டு ஜூலை 31 ஆம் நாள், பிராங்க்பர்ட் நகருக்கு அருகிலுள்ள எஷர்ஸ்ஹைம் என்னும் சிற்றூரில் பிறந்தார். மருத்துவம் படித்து 1823 இல் பட்டம் பெற்றார். ஆயினும் அவர் உள்ளம் வேதியியலையே நாடியது. எனவே ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகருக்குச் சென்று, அக்காலத்தில் புகழின் உச்சியில் இருந்த பெர்சீலியஸிடம் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியரும் மாணவரும் பிரிந்த பின்னரும் பல்லாண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டனர்.

நாடு திரும்பிய வோலர், பெர்லினில் ஆசிரியப் பணி ஏற்றார். 1827 இல் அலுமினியத்தைச் சாம்பல் நிறத் தூளாகப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டே அவர் பெயர் உலகெங்கும் பரவியது. உயிருள்ள உடலில் தோன்றும் பொருள்களை ஆய்வுக்கூடத்தில் ஆக்க முடியாது என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. அம்மோனியம் சயனேட் என்ற உப்பிலிருந்து, சிறுநீரில் காணப்படும் யூரியாவை வோலர் பெற்றார். இச்செய்தியை ஆசிரியருக்குத் தெரிவிக்கையிலும் அவருக்குக் குறும்பு போகவில்லை. மனிதனுடைய சிறுநீரகமும் வேண்டாம், நாயினுடையதும் வேண்டாம், தாமே யூரியா செய்துவிடுவதாக எழுதினார். இன்று நம் வயல்களுக்கு உரமாக இடப்படும் யூரியாவும் அதே பொருள்தான்.

ஆசிரியரும் குறும்பில் சளைத்தவரல்லர். மெக்சிகோ நாட்டு ஈயத்தாது ஒன்றை ஆராய்ந்த வோலர், அதில் ஒளிந்திருந்த புதிய தனிமத்தைக் கண்டுகொள்ளத் தவறினார். 1830 இல் செப்ஸ்ட்ரோம் என்பவர் ஸ்வீடன் நாட்டு இரும்பில் அதைக் கண்டார். வனடிஸ் என்ற வடநாட்டுத் தேவதையின் பெயரால் அதற்கு வனேடியம் என்று பெயர் அமைந்தது. உடனே பெர்சீலியஸ் ஒரு கதை கட்டி வோலருக்கு அனுப்பினார். தேவதையின் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினாராம்; மறுபடியும் தட்டட்டும் என்று அவள் எழாமல் இருந்தாளாம்; வந்தவரோ திரும்பிப் போய்விட்டாராம். அவர்தாம் வோலர்! பிறகு வந்த செப்ஸ்ட்ரோம் விடாமல் தட்டினார், கதவு திறந்தது. வோலர் இதற்காக முகம் வாடவில்லை. தம்மைத் தாமே கழுதை என்று சொல்லிக்கொண்டார்.

வோலரின் ஆருயிர் நண்பர் யூஸ்டஸ் லீபிக். இருவரும் முதலில் மோதிக்கொண்டவர்களே. வோலர் ஆராய்ந்த சில்வர் சயனேட்டும், லீபிக் ஆராய்ந்த, வெடிக்கும் இயல்புள்ள சில்வர் பல்மினேட்டும் ஒரே தனிமங்களை ஒரே அளவில் கொண்டிருந்தன. ஒருவர் கணக்கு தவறாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. சோதித்துப் பார்த்தால் இரண்டுமே சரி! பகை நட்பாயிற்று. 1832 இல் வோலரின் மனைவி இறந்தபோது, லீபிக் அவரைத் தம் ஊரான கீசனுக்கு அழைத்து, தம்முடன் ஆய்வில் ஈடுபடுத்தித் துயரை ஆற்றினார்.

1840 இல் லீபிக்கின் ஆய்விதழில் ஒரு வேடிக்கையான கடிதம் வெளிவந்தது. பிரெஞ்சு அறிஞர் டூமா, அசெடிக் அமிலத்திலுள்ள ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் குளோரினை ஏற்றினாலும் அதன் அடிப்படை இயல்பு மாறாது என்று கூறியிருந்தார். அதைக் கேலி செய்த அக்கடிதம், மாங்கனீஸ் அசெடேட்டில் ஹைட்ரஜனை மட்டுமன்றி மாங்கனீசு, ஆக்சிஜன், கார்பன் எல்லாவற்றையும் நீக்கிக் குளோரினே நிரப்பியதாகவும், அப்போதும் பொருளின் இயல்பு மாறவில்லை என்றும் அளந்தது. இலண்டன் கடைகளில் குளோரின் நூலால் நெய்த துணி விற்பதாகவும் ஓர் அடிக்குறிப்பு! எழுதியவர் எஸ். சி. எச். விண்ட்லர். முன்னெழுத்துகளைப் பெயரோடு சேர்த்துப் படித்தால் ஷ்விண்ட்லர் என்றாகும். ஜெர்மன் மொழியில் அதற்கு ஏமாற்றுக்காரன் என்று பொருள். முகமூடிக்குப் பின்னால் இருந்தவர் வோலர்தாம்.

ஆனால் டூமாவின் சோதனை பொய்யன்று. மூன்று ஹைட்ரஜன் அணுக்களின் இடத்தில் குளோரின் ஏறியும் அமிலம் அமிலமாகவே இருந்தது. அவர் கருத்தின் சாரம் பின்னாளில் நிலைபெற்றது. கேலி ஓர் எண்ணத்தின் மிகையைக் காட்டலாம். உண்மையை அழித்துவிட முடியாது.

வோலரின் நகைச்சுவை முழு அழகோடு வெளிப்பட்டது 1843 இல். லீபிக் முன்கோபி, அப்போது மார்ச்சண்ட் என்ற வேதியியலாளருடன் சண்டையிட்டுக்கொண்டிருந்தார். வோலர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். 1900 ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்கச் சொன்னார். அதற்குள் நாம் இருவரும் கார்பானிக் அமிலமாகவும் நீராகவும் அம்மோனியாவாகவும் கரைந்திருப்போம். நம் எலும்பின் சுண்ணாம்பு, நம் கல்லறையைத் தோண்டிய ஒரு நாயின் எலும்பில் சேர்ந்திருக்கும். அன்று நம் சண்டைகளை யார் நினைப்பார், நாம் கண்ட உண்மைகளே நிற்கும் என்று அறிவுறுத்தினார். கடைசியில், சிங்கத்தைச் சர்க்கரை தின்னச் சொல்கிறோமே என்று தம்மையே நகைத்துக்கொண்டார்.

சிங்கம் அதன்பின்னும் கர்ஜிக்கத்தான் செய்தது. ஆனால் 1873 இல் லீபிக் இறக்கும்வரை அந்த நட்பு குலையவில்லை. 1836 முதல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மாணவர் பலரை உருவாக்கிய வோலர், 1882 செப்டம்பர் 23 இல் மறைந்தார்.

1900 வந்தது, போயிற்று. மார்ச்சண்டுடன் நடந்த சண்டை எதற்காக என்று கேட்பார் இல்லை; யூரியாவை அறியாதார் இல்லை. மாணவியரே, வகுப்பில் தோழியுடன் மனத்தாங்கல் வந்தால் வோலரின் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் யாவரும் அதே கார்பனும் நீரும் சுண்ணாம்பும்தானே!