தெனாலிராமன்: சிரிப்புக்குப் பின்னால் ஒரு பெருங்கவிஞர்

ஜார்ஜ்டவுன் - சூடான பாலில் நாக்கைச் சுட்டுக்கொண்ட பூனை, அதன்பின் பாலைக் கண்டாலே ஓடிய கதை நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. தோட்டத்து லயத்தில் பாட்டிமார்கள் சொன்னதும் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர்கள் சொன்னதும் அதே தெனாலிராமன் கதைதான். 1956இல் சிவாஜி கணேசன் அவராகத் திரையில் தோன்றினார். 2003இல் திருவனந்தபுரத்தின் டூன்ஸ் நிறுவனம் தயாரித்த கார்ட்டூன் தொடர், கார்ட்டூன் நெட்வொர்க் வழியாக அவரை இந்தியக் குழந்தைகளிடம் கொண்டு சேர்த்தது.

கார்ட்டூனில் வரும் அந்தக் குடுமிக்காரர் உண்மையில் வாழ்ந்த மனிதர். 16ஆம் நூற்றாண்டுத் தெலுங்குக் கவிஞர். இயற்பெயர் இராமகிருஷ்ணர். இளமையிலேயே தந்தையை இழந்து, இன்றைய ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்திலுள்ள தெனாலியில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார் என்பது மரபு.

முதலில் சைவராக இருந்து உத்படாராத்ய சரித்திரம் எழுதினார். பின்னர் வைணவரானார். தமிழ்நாட்டுச் சோளிங்கர் நரசிம்மர் தலத்தைப் போற்றிக் கடிகாசல மகாத்மியம் பாடினார். பண்டரிபுரத்தைப் பாடும் அவருடைய பாண்டுரங்க மகாத்மியம், தெலுங்கின் ஐந்து பெருங்காவியங்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

அந்நூலில் நிகமசர்மா என்ற ஊதாரித் தம்பி வருகிறான். திருந்தச் சொல்லிப் புத்தி கூறும் அக்காவின் மூக்கு நகையையும் சேர்த்துத் திருடிக்கொண்டு ஓடிவிடுகிறான். அந்த அக்காவுக்குக் கவிஞர் பெயரே வைக்கவில்லை. ஆனாலும் தெலுங்கு வாசகர்கள் இன்றும் அவளை மறக்கவில்லை.

கிருஷ்ணதேவராயர் அவையின் எட்டுப் புலவர்களில் ஒருவர் என்று மரபு அவரைச் சொல்கிறது. சற்றுப் பிந்தியவர் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. காளியிடம் வரம் பெற்று விகடகவி ஆனது போன்றவை மக்கள் சேர்த்த கதைகள். வலியவரை அறிவால் வெல்லும் எளியவனை யாருக்குத்தான் பிடிக்காது? நம் நாட்டுச் சாங் கஞ்சிலும் முதலைகளை ஏமாற்றித்தானே ஆற்றைக் கடந்தது!

பாம்பு கடித்து அவர் உயிருக்குப் போராடியபோதும், அரசர் அதை விளையாட்டு என்றே எண்ணிவிட்டார் என்றொரு கதை உண்டு. அவருடைய கவிதைக்கும் ஏறக்குறைய அதே கதிதான். சிரிப்பு நிலைத்தது, நூல்கள் பின்னுக்குப் போயின.

அடுத்த முறை பிள்ளைகள் அந்தக் கார்ட்டூனைப் பார்த்துச் சிரிக்கும்போது, பெயரில்லாத அந்த அக்காவின் கதையையும் சொல்லிக் கொடுப்போம்.