டார்வினுக்கு வந்த படபடப்பு

இரவு 2 மணிக்குத் திடுக்கிட்டு எழும்புகிறீர்கள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மூச்சு முட்டுகிறது, கை விறைக்கிறது, இந்த நிமிடமே செத்துப்போகப் போகிறேன் என்று தோன்றுகிறது. அம்புலன்ஸ் வருகிறது. ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள், இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். விடிய முன்னம் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த கிழமை திரும்பவும் அதே கதை. மூன்றாம் தரம் வரும்போது வீட்டுக்காரருக்கே அலுத்துப்போகிறது. உனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பயப்படாமல் இரு, மனதைத் திடமாக வைத்திரு என்று புத்தி சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

எங்கட ஆக்களில் கனபேருக்கு இந்த அனுபவம் இருக்கிறது. வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். பானிக் அட்டாக் என்று டொக்டர்மார் சொல்வது இதைத்தான். நாங்கள் பதகளிப்பு என்போம், படபடப்பு என்போம். அது திரும்பத் திரும்ப வந்து, இனி எப்ப வருமோ என்ற பயமே வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டால் அது பானிக் டிஸோர்டர், அதாவது பீதி நோய். இதைப் பற்றி எழுத நினைத்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர், உயிரியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த ஒருவர்: சார்ள்ஸ் டார்வின்.

டார்வின் 1809ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் தேதி இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் பிறந்தார். தகப்பன் ஊரில் பெயர்பெற்ற வைத்தியர். தாய் இறந்தபோது டார்வினுக்கு 8 வயது. தகப்பன் மகனையும் வைத்தியராக்க நினைத்து எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்கமருந்து இல்லாத காலம். ஒரு குழந்தைக்குச் செய்த சத்திரசிகிச்சையைப் பார்க்க முடியாமல் ஓடி வந்தவர், அந்தப் படிப்பையே விட்டுவிட்டார். பிறகு கேம்பிரிட்ஜ். வண்டு பிடிப்பதும் குதிரை ஓடுவதும் வேட்டைக்குப் போவதுமாக அங்கே காலம் சந்தோஷமாகப் போனது.

1831இல் பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிவர அழைப்பு வந்தது. அப்போது வயது 22. கப்பல் புறப்படப் பிந்திக்கொண்டே போக, பிளிமத் துறைமுகத்தில் இரண்டு மாதம் காத்திருந்தார். அங்கேதான் நெஞ்சு படபடப்பும் நெஞ்சு நோவும் வந்தன. தனக்கு இருதய வருத்தம் என்றே அவர் நம்பினார். ஆனால் ஒரு டொக்டரிடமும் போகவில்லை. போனால் கப்பலேற விடமாட்டார்கள் என்று பயம். வைத்தியரின் மகன், வைத்தியம் கொஞ்சம் படித்தவர், நெஞ்சு நோவை ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்துக்கொண்டு டிசம்பர் 27ஆம் தேதி கப்பலேறினார். வேலை போய்விடும், விசா அலுவல் பிழைத்துவிடும், கலியாணம் குழம்பிவிடும் என்று மறைக்கிற எங்கட பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பயணம் ஏறக்குறைய 5 வருடம். கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சத்திதான். ஆனால் தரையில் இறங்கினால் ஆளே வேறு. தென்னமெரிக்கப் புல்வெளிகளில் மாடு மேய்ப்பவர்களோடு நாள்கணக்கில் குதிரையில் போனார், அந்தீஸ் மலையில் ஏறினார், சிலியில் நிலநடுக்கத்தைக் கண்டார். இருதயம் பழுதான ஒருவரால் இதெல்லாம் செய்யேலாது. அந்த நெஞ்சு நோவைப் பற்றிக் கப்பல்கூட ஒரு பரிசோதனை மாதிரி அமைந்துவிட்டது. அதன் முடிவை ஒருவரும் வாசித்துச் சொல்லவில்லை.

1836இல் திரும்பி வந்தார். அடுத்த வருடமே லண்டனில் படபடப்பு மீண்டும் தொடங்கியது. நிலவியல் சங்கத்தின் செயலாளர் பதவி தேடி வந்தபோது, மனதைக் குழப்புகிற எந்த விஷயமும் தன்னை வீழ்த்திவிடுகிறது, பிறகு நெஞ்சு பலமாக அடிக்கத் தொடங்குகிறது என்று தன் ஆசிரியருக்கு எழுதித் தயங்கினார். 1838இல் தன் குறிப்புக் கொப்பியில் இன்னொன்றும் எழுதிவைத்தார். இரவில் விழிப்பு வருகிறது, காரணமில்லாமல் பெரும் பயம் பிடிக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அறிவு சிரித்துக்கொண்டு சொல்கிறது, மனமோ பயப்படுவதற்கு ஏதாவது ஒரு பொருளைத் தேடிப் பிடிக்கப் பார்க்கிறது. இரவில் வருகிற பானிக்கை இதைவிடத் துல்லியமாக நான் எங்கும் வாசித்ததில்லை.

1839 ஜனவரியில் எம்மாவைக் கலியாணம் செய்தார். 1842இல் லண்டனை விட்டு, கென்ட் பக்கம் டவுண் என்ற கிராமத்துக்குக் குடிபோனார்கள். அதற்குப் பிறகு நாற்பது வருடம் அந்த வீடுதான் அவருடைய உலகம். லண்டனில் இருக்கிற எங்கட ஆக்களுக்கு அது தூரமில்லை. புரொம்லியில் இருந்து 146ஆம் நம்பர் பஸ் அந்தக் கிராமத்துக்குப் போகிறது, வீட்டைப் போய்ப் பார்க்கலாம். வெளியாட்கள் எட்டிப் பார்க்காமல் இருக்க, வீட்டுக்கு முன்னால் போன ஒழுங்கையைத் தாழ்த்தி வெட்டுவித்து மதிலும் கட்டினார். படிப்பறை ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்ணாடி பூட்டியிருந்தார். வாசலுக்கு வருகிறவர் யார் என்று கதிரையில் இருந்தபடியே பார்த்துக்கொள்வதற்கு.

விருந்துகளுக்குப் போவதை முற்றாக நிறுத்தினார். ஆட்களோடு கதைத்து உற்சாகமானால் நடுக்கமும் சத்தியும் வந்துவிடும் என்பது அவர் கண்ட அனுபவம். எம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் பதகளிப்பு. 1848இல் தகப்பன் இறந்தபோது செத்தவீட்டுச் சடங்கில் நிற்க உடம்பு விடவில்லை. 1860இல் ஒக்ஸ்போர்டில் அவருடைய கொள்கைக்காக ஹக்ஸ்லி பிஷப்போடு வாதாடினார். அதற்குரிய மனிதர் அன்று ஒரு நீர் வைத்தியசாலையில் படுத்திருந்தார். 1864இல் ரோயல் சங்கத்தின் கோப்ளி பதக்கம் கிடைத்தது, அதை வாங்கவும் போகவில்லை.

பீதி நோயின் கொடுமை இதுதான். ஒரு தாக்குதல் என்பது சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும். ஆனால் அது வந்த இடத்துக்குப் போக மனம் மறுக்கும். முதலில் ரயில், பிறகு சுப்பர் மார்க்கெட், பிறகு கோயில் திருவிழா, பிறகு கலியாண மண்டபம் என்று ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். போகாமல் விட்டவுடன் கிடைக்கிற நிம்மதிதான் அடுத்த முறை போகவிடாமல் செய்கிறது. கடைசியில் வீடும், கூட ஒரு ஆளும் மட்டும் மிஞ்சும். அகோராபோபியா என்று இதற்குப் பெயர். இந்த நோயோடு சேர்ந்து அடிக்கடி வருவது.

டார்வின் வைத்தியம் தேடாமல் இருக்கவில்லை. 1849இல் மோல்வேணில் டொக்டர் கல்லியிடம் போய், குளிர்ந்த நீரில் தேய்த்து, ஈரத் துணியால் சுற்றி, வியர்க்க வைக்கிற வைத்தியம் மாதக்கணக்கில் செய்தார். வேலையைக் குறைத்துத் தினமும் நடக்கவும் வைத்தார்கள், கொஞ்சம் சுகம் தெரிந்தது. அதே ஊரில்தான் 1851இல் 10 வயது மகள் ஆனி இறந்தாள். அந்தத் துக்கம் அவரை விட்டுப் போகவேயில்லை. 1865இல் ஜோன் சப்மன் என்ற டொக்டர் முதுகெலும்பில் ஐஸ் பை கட்டினார், ஒரு பலனும் இல்லை. ஆனால் அந்த டொக்டருக்காக டார்வின் எழுதிக்கொடுத்த வருத்தக் குறிப்பு மிஞ்சியிருக்கிறது. நடுக்கம், செத்துப்போவது போன்ற உணர்வு, அழுகை, காதில் இரைச்சல், காற்றில் நடப்பது போன்ற தன்மை, கண்ணில் கறுப்புப் புள்ளிகள், எம்மா விட்டுப் போனால் பதற்றம், இவற்றோடு வயிற்றுக் காற்றும் சத்தியும்.

இன்றைய டொக்டர்மார் இந்த நோயைத் தீர்மானிக்கப் பார்க்கிற 13 அறிகுறிகளில் நடுக்கம், சாவுப் பயம், தலைச்சுற்று, உலகமே நிஜமில்லாதது போன்ற உணர்வு, வயிற்றுக் குழப்பம், நெஞ்சு படபடப்பு எல்லாம் உண்டு. நான்கு அல்லது அதற்கு மேல் திடீரென்று ஒன்றாக வந்தால் அது தாக்குதல். எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, ஒரு மாதமாவது அடுத்ததை நினைத்துப் பயந்தோ நடமாட்டத்தை மாற்றிக்கொண்டோ இருந்தால் நோய். 1997இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் இரண்டு டொக்டர்மார் டார்வினுக்கு இருந்தது இதுதான் என்று எழுதினார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. தென்னமெரிக்கப் பூச்சியால் வந்த சாகஸ் நோய் என்றும், பால் ஒத்துக்கொள்ளாத வயிறு என்றும் வேறு விளக்கங்கள் உண்டு. என் எண்ணம், அந்த நீண்டகாலச் சத்திக்கு வேறொரு காரணமும் இருந்திருக்கலாம். பிளிமத்தில் வந்த படபடப்புக்கும், இரவுப் பயத்துக்கும், ஆட்களைத் தவிர்த்த வாழ்க்கைக்கும் வயிறு மட்டும் காரணமாக இருக்கேலாது.

அவர் காலத்து டொக்டர்மாரைக் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களின் படபடப்பைப் பற்றி டா கொஸ்டா எழுதியது 1871இல். பானிக் டிஸோர்டர் என்று தனியாக ஒரு நோயை அமெரிக்க மனநல வைத்தியர்களின் கைநூல் ஏற்றுக்கொண்டது 1980இல். டார்வின் இறந்து 98 வருடம் கழித்து.

ஆனால் பயம் என்றால் என்ன என்று அன்று உலகிலேயே கவனித்துப் பார்த்தவர்களில் ஒருவர் டார்வின்தான். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளைக் காட்டும் விதம் பற்றி 1872இல் ஒரு புத்தகம் போட்டார். பயந்தவனின் இருதயம், தோல், வியர்வை, வாய் உலர்தல், கண் எல்லாம் அதில் வருகிறது. லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் தனக்குத்தானே செய்த ஒரு சோதனையையும் அதில் எழுதியிருக்கிறார். கண்ணாடித் தட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விஷப்பாம்பு. இந்தப் பக்கம் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, பாம்பு கொத்த வந்தாலும் அசையமாட்டேன் என்று உறுதி எடுத்தார். பாம்பு பாய்ந்ததுதான் தாமதம், உறுதி எங்கே போனதென்று தெரியவில்லை. ஒன்றிரண்டு யார் பின்னால் துள்ளி விழுந்தார். தடித்த கண்ணாடி என்று தெரியும், ஒன்றும் செய்யாது என்று தெரியும். இருந்தும் உடம்பு கேட்கவில்லை.

மனதைத் திடமாக வைத்திரு என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் யோசித்துப் பார்க்க வேண்டும். கடவுள் படைத்தார் என்று உலகம் நம்பியதை எதிர்த்து எழுதத் துணிந்த மனிதர் அவர். அவருடைய அறிவாலேயே தன் உடம்பின் பயத்துக்குக் கட்டளை போட முடியவில்லை. எங்கட அக்காவோ மருமகனோ மனதைத் திடப்படுத்தி இதை வெல்லவில்லை என்று ஏசுவதில் என்ன நியாயம்?

இன்றைய வைத்தியம் அந்தக் கண்ணாடித் தட்டுக்குத் திரும்பிப் போவது மாதிரி. டார்வின் ஒரு தரம் துள்ளியதோடு விட்டார். சி.பி.ரி. என்கிற பேச்சு வைத்தியத்தில் திரும்பத் திரும்பப் போக வைப்பார்கள். முதலில், நெஞ்சு அடிப்பதை மாரடைப்பு என்று மனம் மொழிபெயர்க்கிறது, அந்த மொழிபெயர்ப்பே அடிப்பைக் கூட்டுகிறது என்று விளங்கவைப்பார்கள். பிறகு வேண்டுமென்றே படியில் ஏறி ஓட வைப்பார்கள், கதிரையில் சுழல வைப்பார்கள். அதே படபடப்பு, அதே தலைச்சுற்று, ஆனால் சாகவில்லை. உடம்பு அதைப் படிப்படியாகக் கற்றுக்கொள்ளும். அதோடு கைவிட்ட ரயிலிலும் கடையிலும் சிறிது சிறிதாக ஏறி இறங்க வைப்பார்கள். இங்கிலாந்தில் இதற்குக் குடும்ப டொக்டரின் கடிதம்கூடத் தேவையில்லை, என்.எச்.எஸ். பேச்சு வைத்தியத்துக்கு நீங்களே பதியலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம்.

மருந்தும் உண்டு. சேர்ட்ரலின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும். தொடக்கத்தில் பதற்றம் கொஞ்சம் கூடலாம், அதைக் கண்டு பாதியில் எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. சுகம் வந்ததும் திடீரென்று நிறுத்துவதும் பிழை, டொக்டரோடு கதைத்து மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். ஊரில் இருந்து ஆட்கள் கொண்டுவந்து கொடுக்கிற டயஸபாம் வகை மாத்திரைகளில் கவனமாக இருங்கள். உடனே அடங்கும், ஆனால் பழகிவிடும். பிரித்தானிய வழிகாட்டல்கள் பீதி நோய்க்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்கின்றன. கோப்பியும் குடியும் படபடப்பைக் கூட்டும். குடித்தால் அன்றிரவு அடங்கும், விடிய இரட்டிப்பாக வரும்.

இதெல்லாம் நெஞ்சைச் சோதித்துப் பார்த்த பிறகு. தைரொயிட் கூடினாலும், இருதயம் தாளம் தப்பி அடித்தாலும் இதே மாதிரித்தான் இருக்கும். நெஞ்சு நோவை இது பானிக்தான் என்று வீட்டிலிருந்தே முடிவுகட்டக் கூடாது. முன்னம் பானிக் என்று சொல்லப்பட்டவராக இருந்தாலும், வழமையில்லாத நோவு வந்தால் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இதற்கும் டார்வினே சாட்சி. வீட்டுத் தோட்டத்தில் அவர் நாள்தோறும் நடந்த ஒரு மணல் பாதை உண்டு. 1882இன் தொடக்கத்தில் அந்தப் பாதையில் நடக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டி வந்தது. பிளிமத்தில் மறைத்தது போல இந்தமுறை மறைக்கவில்லை, டொக்டர்மார் வந்து பார்த்தார்கள். இருதயத்துக்கு இரத்தம் போதாமல் வருகிற அஞ்சைனா என்றார்கள். ஐம்பது வருடம் முன்னம் அவர் பயந்த வருத்தம் இப்போது உண்மையாகவே வந்திருந்தது. ஏப்ரல் 19ஆம் தேதி, 73ஆவது வயதில், அந்த வீட்டிலேயே, எம்மா பக்கத்தில் இருக்க அவர் இறந்தார். டவுண் கிராமத்துத் தேவாலயத்தில் புதைப்பதாகத்தான் குடும்பம் நினைத்திருந்தது. கூட்டத்தைக் கண்டு விலகிப்போன மனிதரை, பெருங்கூட்டம் சூழ லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கொண்டுபோய் வைத்தார்கள்.