மணிக்கட்டில் கடிகாரம் கட்டிய ஆகாய வீரர்

1901-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி. பிற்பகல் மணி 2-42. பாரிஸ் நகரை அடுத்த செயின்ட் குளூ என்ற இடத்திலிருந்து, சுருட்டைப் போன்ற வடிவமுள்ள ஆகாயக் கப்பல் ஒன்று மேலே கிளம்பிற்று. அதன் நீளம் 33 மீட்டர். உள்ளே ஹைட்ரஜன் வாயு. அடியில் தொங்கிய சிறு கூடையில் ஒரே ஒரு மனிதர் நின்றிருந்தார். குள்ளமான உருவம், எடை 50 கிலோ அளவுதான் இருக்கும். கஞ்சி போட்ட உயரமான காலர், கழுத்தில் டை, கறுப்புக் கோட்டு. மந்திரி வீட்டு விருந்துக்குப் புறப்பட்டவர் வழி தவறி ஆகாயத்துக்கு வந்துவிட்டாரோ என்று தோன்றும்.

அவர்தான் ஆல்பெர்ட்டோ சாண்டோஸ் டூமான். பிரேசில் நாட்டுக்காரர். காப்பித் தோட்டச் சீமானின் பிள்ளை.

அன்று அவர் பறந்தது ஒரு பந்தயத்துக்காக. செயின்ட் குளூவிலிருந்து புறப்பட்டு, ஐபெல் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு, 30 நிமிஷத்துக்குள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட வேண்டும். போக வர 11 கிலோ மீட்டர். பரிசு ஒரு லட்சம் பிராங்க். எண்ணெய் வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டிய டாய்ச் டி லா மேர்த் என்ற செல்வர் அறிவித்திருந்தார்.

முன்னரே முயன்று தோற்றவர் டூமான். ஆகஸ்டு 8-ந் தேதி அவருடைய 5-ம் நம்பர் கப்பல் வாயு இழந்து, ஒரு ஓட்டலின் கூரையில் மோதிக் கிழிந்தது. சுவரோரமாகத் தொங்கிய அவரைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு விட்டு மீட்டார்கள். அத்துடன் விட்டாரா? அன்று மாலையே 6-ம் நம்பர் கப்பலுக்கு உத்தரவு கொடுத்தார்! 22 நாட்களில் அது தயாராகிவிட்டது.

40 விநாடித் தகராறு

புறப்பட்ட 9-வது நிமிஷத்தில் கோபுரத்தைச் சுற்றிவிட்டார். கீழே ஜனங்கள் தொப்பிகளை வீசி ஆரவாரம் செய்தார்கள். திரும்பும்போதுதான் வந்தது வினை. காற்று எதிர்த்து அடித்தது. இயந்திரம் விக்கி விக்கி ஓடிற்று. சுக்கானை விட்டுவிட்டு இயந்திரத்தைக் கவனிக்க வேண்டியதாயிற்று. இரண்டு கைகளும் போதவில்லை. இந்த நிலையில் மணி பார்ப்பது எப்படி? அந்தக் காலத்து ஆண்மக்கள் கடிகாரத்தை உள்கோட்டுப் பையில் சங்கிலியுடன் வைத்திருந்தார்கள். கோட்டை விலக்கி, சங்கிலியைப் பிடித்து இழுத்து, மூடியைத் திறந்து பார்ப்பதற்குள் கப்பல் எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளும்.

எல்லைக்கு மேலே அவர் பறந்து வந்தபோது ஆகியிருந்த நேரம் 29 நிமிஷம் 30 விநாடி. ஆனால் வேகத்தில் எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்பிவந்து, கீழிருந்தவர்கள் கயிற்றைப் பிடிப்பதற்குள் 30 நிமிஷத்துக்கு மேல் சுமார் 40 விநாடி ஓடிவிட்டது. எதை முடிவாகக் கொள்வது? நடுவர்கள் கயிறு பிடித்த நேரமே கணக்கு என்றார்கள். ஜனங்களோ ஆத்திரப்பட்டார்கள்; பத்திரிகைகள் அவர் பக்கம் பேசின. பதினைந்து நாள் வாதத்துக்குப் பிறகு பரிசு அவருக்கே என்று தீர்ப்பாயிற்று.

பரிசுப் பணத்தில் ஒரு காசுகூட அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பகுதியைத் தம் தொழிலாளிகளுக்குக் கொடுத்தார். மீதியைப் பாரிஸ் ஏழைகளுக்கு வழங்கச் சொன்னார். அடகுக் கடையில் கிடந்த கருவிகளைப் பல வேலையாட்கள் அந்தப் பணத்தால் மீட்டுக்கொண்டார்கள்.

தந்தை சொன்ன வழி

பணத்தை இப்படி அலட்சியமாக நினைக்க அவருக்கு வசதி இருந்தது என்பதும் உண்மை. பிறந்தது 1873 ஜூலை 20. தகப்பனார் ஹென்ரிக் டூமான் ஓர் என்ஜினீயர். ஸா பாலோ பகுதியில் பெரிய காப்பித் தோட்டம் கண்டவர். தோட்டத்துக்குள்ளேயே ரயில் ஓடிற்று. பையன் சிறுவயதிலேயே அந்த ரயில் என்ஜினை ஓட்டக் கற்றான். தகப்பனார் வண்டியிலிருந்து விழுந்து பக்கவாதத்துக்கு ஆளானதும் தோட்டத்தை விற்றுவிட்டார். 18 வயது மகனிடம் அவனுடைய பங்கைக் கொடுத்து, பாரிஸுக்குப் போய் இயந்திர நூல் படிக்கும்படியும், பிழைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். அந்த ஆண்டிலேயே (1892) காலமானார்.

கார்ட்டியேவின் உதவி

பாரிஸில் டூமானுக்கு லூயி கார்ட்டியே என்ற நகை வியாபாரி சிநேகிதர். ஆகாயத்தில் மணி பார்க்கும் தொல்லையை டூமான் அவரிடம் சொன்னதாகவும், பந்தய வெற்றியைக் கொண்டாடிய விருந்திலேயே இந்தப் பேச்சு எழுந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. எப்போது சொன்னாரோ, 1904-ல் கடிகாரம் வந்தது. சதுர முகம். சுற்றுச் சட்டத்தை இறுக்கும் திருகாணிகள், மறைக்கப்படாமல் வெளியே தெரிந்தன. மணிக்கட்டில் கட்டத் தோல் வார்.

கையில் கடிகாரம் கட்டிய முதல் ஆண்மகன் இவரே என்று சிலர் எழுதுவது சரியல்ல. தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்திலேயே, ஆங்கில அதிகாரிகள் பைக் கடிகாரத்தைத் தோல் உறையில் போட்டுக் கையில் கட்டியிருந்தார்கள். ஆனால் அது யுத்தகளம். பாரிஸின் பெரிய மனிதர்கள் கூடும் இடத்தில் கைக்கடிகாரம் என்றால் பெண்கள் அணியும் வளையல்தான்! ஆண் பிள்ளை அதைக் கட்டினால் சிரிப்பார்கள்.

டூமான் அந்தச் சிரிப்புக்குப் பயந்தவரல்ல. இவர் சிரிப்பாருக்கு வேலை கொடுத்தே பழகியவர். 1903-ல் தம் 9-ம் நம்பர் சிறு கப்பலைப் பாரிஸின் பெரிய வீதியில், தம் வீட்டு வாசலிலேயே இறக்கி, மாடிக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு மறுபடி பறந்தார். ஆகாயத்தில் சாப்பிடுவது போன்ற உணர்ச்சி வேண்டுமென்று, வீட்டில் ஆள் உயர மேஜை நாற்காலிகள் போட்டு விருந்தாளிகளை ஏணியில் ஏற்றியவர். பறப்பதற்கு ஓர் உடை, விருந்துக்கு ஓர் உடை என்ற வேற்றுமை அவரிடம் இல்லை. அதே காலர், அதே கோட்டு. ஆகவே வேலைக்காகச் செய்த கடிகாரம் கஞ்சி போட்ட கைப்பட்டியின் ஓரத்திலும் எட்டிப் பார்த்தது. அவருடைய காலரையும் தொப்பியையும் காப்பியடித்த பாரிஸ் வாலிபர்கள் கடிகாரத்தையும் கவனித்தார்கள்.

1911-ல் கார்ட்டியே அந்தக் கடிகாரத்தை சாண்டோஸ் என்ற பெயரிலேயே பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினார். 1978-ல் அதே வடிவம் எஃகும் பொன்னும் சேர்ந்த பட்டையோடு வந்து, கம்பெனி முதலாளிகளின் கோட்டுக் கைக்குள் புகுந்தது. விருந்து உடைக்கு மெல்லிய பொன் கடிகாரம்தான் பொருந்தும், திருகாணி தெரியும் முரட்டுக் கடிகாரம் ஆகாது என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. டூமான் காலத்தில் இவர்களுடைய பாட்டனார்கள் மெல்லிய கைக்கடிகாரத்தையுமே ஆகாது என்றார்கள்.

விமானமும் யுத்தமும்

1906-ல் டூமான் வாயுவை விட்டு இறக்கைக்கு மாறினார். நவம்பர் 12-ந் தேதி பாரிஸ் பகட்டேல் மைதானத்தில், ஜனங்கள் பார்க்க, அவருடைய விமானம் 220 மீட்டர் தூரத்தை 21½ விநாடியில் பறந்தது. அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1903-லேயே பறந்துவிட்டார்கள். ஆனாலும் ஐரோப்பா கண்ணால் கண்ட முதல் விமானம் இதுதான். பின்னர் டெமுவாசேல் என்ற சிறு விமானத்தைச் செய்து, அதன் படங்களை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். காப்புரிமை கேட்கவில்லை.

1910-ல் நோய் பற்றியது, பறப்பதை நிறுத்தினார். 1914-ல் உலக யுத்தம் மூண்டது. கடற்கரை வீட்டில் தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரை, ஜெர்மன் ஒற்றர் என்று அக்கம்பக்கத்தார் சந்தேகித்தார்கள். போலீஸார் வந்து சோதனை போட்டார்கள். மனம் உடைந்த டூமான் தம் காகிதங்களை எல்லாம் தீயிலிட்டார்.

அந்த யுத்தத்தில்தான் கைக்கடிகாரம் ஆண்களுக்கு உரியதாயிற்று. குறித்த நிமிஷத்தில் பீரங்கி முழங்க வேண்டும், குறித்த நிமிஷத்தில் பதுங்குகுழியை விட்டுப் பாய வேண்டும். பையில் தேட நேரமேது? உயிரோடு திரும்பியவர்கள் கடிகாரத்தைக் கையில் கட்டியபடியே வீட்டுக்கும் ஆபீசுக்கும் வந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் துணிவில்லை. விமானமும் அதே யுத்தத்தில்தான் வளர்ந்தது, குண்டு வீசும் இயந்திரமாக. முன்னதைப் பற்றி டூமானுக்கு வருத்தமிருக்க நியாயமில்லை. பின்னது அவரை வாட்டியது. 1926-ல் விமானத்தை ஆயுதமாக்குவதைத் தடுக்கும்படி சர்வதேச சங்கத்துக்கு முறையிட்டார். பலன் இல்லை.

1928 டிசம்பரில் அவர் கப்பலில் தாய்நாடு திரும்பியபோது, வரவேற்கப் பறந்துவந்த கடல்விமானம் ரியோ துறைமுகத்தில் அவர் கண்ணெதிரே விழுந்தது. அதிலிருந்த அனைவரும் மாண்டார்கள். அவர்களுடைய இறுதிச் சடங்குகளுக்குப் போய் நின்றார்.

1932-ல் பிரேசிலிலேயே உள்நாட்டுப் போர் வெடித்தது. ஸா பாலோ மாகாணத்தின்மேல் சர்க்கார் விமானங்கள் பறந்து குண்டு வீசின. டூமான் அப்போது குவாருஜா கடற்கரையில் ஓர் ஓட்டலில் தங்கியிருந்தார். ஜூலை 23-ந் தேதி, 59-வது வயதில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். இருதயம் நின்று இறந்ததாகவே அதிகாரிகள் பதிவு செய்தார்கள். போர் ஓய்ந்த பின், டிசம்பர் மாதத்தில் ரியோ நகரில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.