எஃப்.ஏ. தேறாதவரும் முடியாத எண்ணும்

இந்த மலரைப் புரட்டுகிறவர்களில் அரியர்ஸ் வைத்துப் பாஸ் பண்ணினவர்கள் யார் யார் என்று கேட்டால், பாதிப்பேர் கை தூக்குவோம். சீனிவாச ராமானுஜன் அந்த அரியர்ஸையும் முடிக்காதவர்.

பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22-ல். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தகப்பனார் ஜவுளிக்கடையில் கணக்கர். டவுன் ஹைஸ்கூலில் பரிசு மேல் பரிசு வாங்கிய பையன், 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை; ஆங்கிலத்தில் கோட்டை விட்டார். சம்பளம் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. கையில் பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909-ல் கல்யாணம் மட்டும் ஆயிற்று.

காகிதம் வாங்கக் காசு ஏது? சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போடுவார். விடை மட்டும் நோட்டுக்கு ஏறும்; வழி சிலேட்டோடு போய்விடும். நாமகிரித் தாயார் கனவில் சொன்னாள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தாயார் மேல் அவருக்கு இருந்த பக்தி உண்மைதான். ஆனால் அந்த முழங்கையை மறந்துவிடக்கூடாது என்பது என் கட்சி.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். அதே ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த கட்டுரையில்தான் 'பை' பற்றிய அவருடைய சூத்திரங்கள் இருக்கின்றன. பெரும்பகுதி இங்கேயே கண்டுபிடித்தவை.

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருவது பை. பள்ளியில் 22/7 என்று ஒப்பேற்றினோம். உண்மையில் அதன் தசம இலக்கங்களுக்கு முடிவு கிடையாது. ஒரே வரிசை திரும்பத் திரும்பவும் வராது. முடியாத ஒன்றை எப்படிப் பிடிப்பது? முடிவில்லாத தொடரைக் கூட்டித்தான். கேரளத்து மாதவர் காலத்திலிருந்து தெரிந்த 1, 1/3, 1/5 தொடர் அழகானது, ஆனால் ஆமை. ஆறு தசமம் சரியாக வரவே லட்சக்கணக்கான உறுப்புகள் வேண்டும். ராமானுஜன் தொடர் ஒன்றில் முதல் உறுப்பு மட்டும் போதும்: 9801-ஐ 2206-ஆல் வகுத்து, அதை 2-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 3.14159273. ஆறு தசமம் சரி! அப்புறம் ஒவ்வொரு உறுப்புக்கும் ஏறக்குறைய எட்டு இலக்கங்கள் கூடும்.

கால்குலேட்டர் இருந்தால் இன்னொன்று. 19-ன் வர்க்கத்தை 22-ஆல் வகுத்து, 9-ன் வர்க்கத்தைக் கூட்டி, இரண்டு தடவை வர்க்கமூலம் எடுங்கள். எட்டு தசமம் வரை பை நிற்கும். இதுவும் அந்தக் கட்டுரையில் உள்ளதுதான்.

1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. கொடுத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயது 32.

1985-ல் கோஸ்பர் என்ற அமெரிக்கர் அந்தத் தொடரைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, பையின் 1.7 கோடி இலக்கங்களை எடுத்தார். வேடிக்கை என்னவென்றால், அப்போது அந்தத் தொடருக்கு முழு நிரூபணமே கிடையாது! 1987-ல் போர்வைன் சகோதரர்கள்தான் அதைத் தந்தார்கள். சிலேட்டில் அழிந்த வழியைத் தேட எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பின்னால் சுட்னோவ்ஸ்கி சகோதரர்கள் அதே வகையில் இன்னும் வேகமான தொடர் அமைத்தார்கள். 2022-ல் 100 லட்சம் கோடி இலக்கங்கள் எடுத்தது அதை வைத்துத்தான்.

இவ்வளவு எடுத்தும், 7 என்ற இலக்கம் பையில் ஓயாமல் வந்துகொண்டே இருக்குமா, எங்கோ ஓரிடத்தோடு நின்றுவிடுமா என்பதைக்கூட இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது முயன்று பார்க்கலாம். வழியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.