நான்காண்டுத் தவணை

செய்ய வேண்டிய கருமத்தை நாளை, மறுநாள் என்று தள்ளிப்போடும் இயல்பை வள்ளுவர் நெடுநீர் என்னும் சொல்லால் குறித்தார். அதனைச் சோம்பலோடும் உறக்கத்தோடும் ஒருங்கு வைத்து எண்ணினார். ஆயினும் எல்லாத் தாமதமும் சோம்பலால் விளைவதன்று. வறுமையால் படிப்பு நின்றுபோவதுண்டு. நோயால் எழுத்து நின்றுபோவதுண்டு. பிறர் இழைக்கும் கொடுமையால் எடுத்த பணி இடைவழியில் நின்றுபோவதுமுண்டு. அவ்வாறு நின்றதை மீண்டும் தொடங்க வழி பிறக்கும் நாளில்தான் ஒருவருக்கு உண்மையான சோதனை வருகின்றது. அந்நாளில் எழுந்து நடப்பதா, பழைய தடையையே காரணமாகக் காட்டி அமர்ந்திருப்பதா? பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் இச்சோதனையைப் பலமுறை எதிர்கொண்டவர். நாம் அவரை அரசியலமைப்பை ஆக்கிய மேதையாகவே பெரிதும் அறிவோம். பாதியில் நின்ற தம் படிப்பை முடிப்பதற்கு அவர் பட்ட பாட்டை அத்துணை அறியோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மௌ என்னும் படைவீரர் குடியிருப்பில் அவர் பிறந்தார். 1907இல் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேசன் தேர்வில் தேறியபோது, கேளுஸ்கர் என்னும் பெரியார் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசாக அளித்தார். அந்நூல் விதைத்த வித்து முளைத்து மரமாவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையைக் கொண்டு 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் 10 ஆண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது உடன்படிக்கை. 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916இல் இலண்டன் சேர்ந்து, பொருளாதாரக் கல்லூரியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் இடம் பெற்றார். ஓராண்டுகூட நிறையவில்லை, உதவித்தொகையின் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்ப வேண்டியதாயிற்று.

அந்நிலையிலும் அவர் ஒன்றை மறவாது செய்தார். 1917 அக்டோபர் தொடங்கி நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியைப் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டே புறப்பட்டார். பேராசிரியர் எட்வின் கேனன் அதற்குத் துணை நின்றார். என்றேனும் ஒரு நாள் வருவேன் என்று நெஞ்சிற்குள் சொல்லிக்கொள்வது எளிது. அவரோ கதவு அடைபடும் நாளைத் திட்டமாக அறிந்துகொண்டு கப்பலேறினார்.

அதன்பின் துன்பங்கள் ஒன்றன்மேலொன்றாக வந்தன. வேறொரு கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்கள், போர்க்கால எதிரித் தாக்குதலால் கப்பலோடு கடலில் மூழ்கின. பரோடாவில் பணியேற்கச் சென்றவருக்குத் தங்க இடமில்லை. ஒரு விடுதியில் சாதியை மறைத்துத் தங்கினார். சில நாட்களில் உண்மை வெளிப்பட, தடியேந்திய கூட்டமொன்று வந்து அவரை வெளியேற்றிற்று. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்ற அந்த இளைஞர், இரயில் புறப்படும் வரை பூங்காவொன்றில் மணிக்கணக்காக அமர்ந்திருந்து, கலங்கிய கண்களோடு பம்பாய் திரும்பினார்.

1918 நவம்பரில் பம்பாய் சிடென்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மாத ஊதியம் 450 ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை. வறுமையிலேயே வளர்ந்த குடும்பத்திற்கு அது வற்றாத ஊற்றுப்போல் தோன்றியிருக்கும். மதிப்பான பதவி, நிலையான வருவாய், காத்திருக்கும் மனைவி மக்கள்: இம்மூன்றும் சேர்ந்தால் இலண்டன் படிப்பை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது எவருக்கும் இயல்பே. உலகமும் அதனைக் குற்றம் என்று சொல்லியிராது. கொடுமை செய்தோர் தடுத்தபோது நின்ற படிப்பு, நலம் வந்தபோதும் நின்றிருந்தால் யாரைக் குறை கூறுவது?

அம்பேத்கர் அப்பதவியைப் படிப்பிற்குப் பொருள் சேர்க்கும் வழியாகவே கொண்டார். 1920 மார்ச்சில் பதவியைத் துறந்தார். தம் சேமிப்போடு, நண்பர் நவல் பத்தேனாவிடம் 5000 ரூபாய் கடனும், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் பெற்று, அவ்வாண்டு ஜூலையில் மீண்டும் இலண்டனுக்குப் புறப்பட்டார். தவணை முடிய இன்னும் ஓராண்டிற்கு மேல் இருந்தது.

அங்கு அவர் நாட்களைச் செலவிட்ட முறை நம் கருத்திற்குரியது. பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறக்கும் வேளையில் உள்ளே சென்று, மூடும் வேளையில் வெளியே வருவார். உணவைச் சுருக்கினார், இரவிலும் நெடுநேரம் படித்தார். பம்பாயில் இரமாபாய் அம்மையார் குறைந்த பொருளைக் கொண்டு குடும்பத்தைத் தாங்கினார். அவருடைய பட்டினியையும் பொறுமையையும் சேர்த்து எண்ணாமல் அப்பட்டங்களை மதிப்பிடுதல் நேர்மையாகாது.

1921இல் எம்.எஸ்ஸி. பட்டம் கிட்டியது. 1922 அக்டோபரில் ரூபாயின் சிக்கல் குறித்த ஆராய்ச்சியை டி.எஸ்ஸி. பட்டத்திற்காக அளித்தார். தேர்வாளர்கள் அதனை அவ்வாறே ஏற்காமல் திருத்தி எழுதுமாறு கேட்டனர். கையிலோ பொருள் தீர்ந்தது. 1923 ஏப்ரலில் பம்பாய் வந்து சேர்ந்தார். பிழைப்பிற்கு வழி தேட வேண்டிய அந்நாட்களிலேயே ஆராய்ச்சியைத் திருத்தி இலண்டனுக்கு அனுப்பினார். அவ்வாண்டு நவம்பரில் பட்டம் வழங்கப்பெற்றது. கொலம்பியாவில் தொடங்கிய ஆராய்ச்சியும் மறக்கப்படவில்லை. அது 1925இல் நூலாக அச்சேறியது; 1927இல் முறைப்படி பிஎச்.டி. பட்டம் வந்தது.

கல்வியில் இத்துணை விரைவு காட்டியவர், சமய மாற்றத்தில் இருபத்தோராண்டு தாழ்த்தியதேன் என்று கேட்போர் உண்டு. இந்துவாகப் பிறந்த தாம் இந்துவாக இறப்பதில்லை என 1935 அக்டோபர் 13ஆம் நாள் இயோலா மாநாட்டில் அறிவித்தவர், 1956இல்தான் தீக்கை பெற்றார். இடைப்பட்ட காலத்தில் சமயங்களை ஆராய்ந்தார், ஆட்சிப் பொறுப்பேற்றார், அரசியலமைப்பு வரைவுக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். பல இலட்சம் மக்களின் வாழ்வைத் தொடும் முடிவு ஆகலின் ஆழ்ந்து எண்ணுதல் கடமையாகவும் இருந்தது. எனினும் எண்ணிக்கொண்டிருப்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். நீரிழிவு உடலை வாட்டி, கால்கள் தளர்ந்து, கண்ணொளியும் குன்றிய நிலையில் அவர் அவ்வெல்லையைத் தாமே வகுத்தார். 1956 மே 24ஆம் நாள் பம்பாயில் நடந்த புத்தர் விழாவில், அக்டோபரில் பௌத்தம் தழுவப்போவதாக மக்கள் முன்னிலையில் அறிவித்தார். பின்னர் நாளும் குறிக்கப்பெற்றது. அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் வயது முதிர்ந்த பிக்கு சந்திரமணியிடம் தீக்கை பெற்று, ஏறத்தாழ 5 இலட்சம் மக்களுக்குத் தாமே தீக்கை அளித்தார்.

அதற்கு 53 நாட்களுக்குப் பின், டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். இன்னும் உடல் தேறட்டும், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று இருந்திருப்பின் நிகழ்ந்திருக்கக்கூடியதை எண்ணும்போதே நெஞ்சு நடுங்குகின்றது.

1951இல் எழுதத் தொடங்கிய புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலையும் அவ்வாண்டே முடித்திருந்தார். மறைவிற்கு முந்தின இரவும் அந்நூலின் முன்னுரைத் தாள்களைப் பார்வையிடுவதற்காகப் படுக்கையருகே வைக்கச் செய்தார். நூல் 1957இல் வெளிவந்தது. அவர் எண்ணியவை யாவும் முடிந்தன என்று கூறுதற்கில்லை. முற்றுப்பெறாத கையெழுத்துப் படிகள் பல எஞ்சின. மகாராட்டிர அரசு பல்லாண்டுகளுக்குப் பின் அவற்றை வெளியிட்டது. இத்துணை விரைந்து உழைத்தவருக்கே காலம் போதவில்லை.

பகவன் புத்தர் தம் இறுதி வேளையில் வற்புறுத்தியது அப்பமாதம் என்னும் சோர்விலா விழிப்பையே. அவ்விழிப்பு அன்றாட வாழ்வில் எவ்வுருவம் கொள்ளும் என்பதை அம்பேத்கர் காட்டினார்: முடிக்க வேண்டியதற்கு நாள் குறித்தல், குறித்த நாளைப் பிறர் அறியச் சொல்லுதல், நலம் வந்த காலத்தில் அதனைப் பணிக்கே செலவிடுதல், திருத்தச் சொன்னால் மனமொடியாது திருத்துதல்.

அன்பர்களே, நம் ஒவ்வோர் இல்லத்திலும் பாதியில் நின்ற படிப்பு ஒன்று இருக்கும். எழுதப்படாத விண்ணப்பம் ஒன்று இருக்கும். நின்றதற்குக் காரணம் நம் குற்றமாக இல்லாதிருக்கலாம். இன்று மீண்டும் தொடங்குவது நம் கையில் இருக்கின்றது. அதற்கு ஒரு தவணை குறிப்போமாக.