இரண்டாயிரம் ரூபாய்க் கார்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2014 ஜூன் மாதம் பழைய கார் ஒன்று ஏலத்தில் 35 லட்சம் டாலருக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் அது 20 கோடி ரூபாய்க்கும் மேல். 1971-இல் வந்த பிளிமத் ஹெமி குடா என்னும் திறந்த கூரை வண்டி அது. ஏழு லிட்டர் கொள்ளளவும் எட்டு உருளைகளும் கொண்ட அதன் எஞ்சினைப் பற்றி வாகனப் பிரியர்கள் பக்தியோடு பேசுவார்கள். ஆனால், புதிதாக வந்தபோது அதை வாங்க ஆளில்லை. விலையும் காப்பீட்டுக் கட்டணமும் மிகுதி. புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் நெருக்கத் தொடங்கியிருந்தன. அதனால் அந்த ஆண்டு அவ்வகை வண்டிகள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் செய்யப்படவில்லை. அன்று விற்காமல் போனதே இன்றைய விலைக்குக் காரணம்.

இத்தகைய ஏலச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோவை ஜி.டி. நாயுடுவின் நினைவு வருகிறது. விற்காமல் போன கார் ஒன்று அவர் வாழ்விலும் உண்டு. அது வாங்க ஆளில்லாமல் நின்றுபோனதன்று.

சூலூரை அடுத்த கலங்கலில் 1893 மார்ச் 23 அன்று பிறந்த துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. அக்காலத்தில் அந்தப் பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மனம் பறிகொடுத்தார் என்பார்கள். அதுபோல் ஒன்றை வாங்குவதற்காகவே கோவையில் உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து, கூலியைச் சேர்த்துவைத்து வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. திருகுகளைக் கழற்றி, உறுப்புகளைத் தனித்தனியே பரப்பிவைத்து, மீண்டும் பூட்டினார். அவர் கற்ற கல்லூரி அதுதான்.

1920-இல் ஒரே ஒரு பேருந்தை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். சில ஆண்டுகளில் அது யு.எம்.எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாயிற்று. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரைக் கொணர்ந்தார். மின்சாரச் சவரக் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் இயந்திரம், மோசடி செய்ய இயலாத வாக்குப்பதிவுக் கருவி என்று அவர் கை தொட்டவை பல. பருத்தியிலும் பப்பாளியிலும்கூடப் புதுவகை கண்டார். அவரை இந்தியாவின் எடிசன் என்பது வழக்கம். எனக்கு அந்தப் பட்டத்தில் உடன்பாடில்லை. எடிசனுக்கு வாய்த்த முதலீட்டுச் சந்தை இவருக்கு வாய்க்கவில்லை. உரிமம் என்னும் கதவை எடிசன் தட்ட வேண்டியிருக்கவுமில்லை.

அந்தக் கதவுதான் 1952-இல் அடைபட்டது. இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை நாயுடு உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். ஒரு நடுத்தரக் குடும்பம் சில ஆண்டுச் சேமிப்பில் எட்டிவிடக்கூடிய விலை அது. தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் 1951-இல் நிறைவேறியிருந்த காலம். எந்தத் தொழிற்சாலை எதைச் செய்யலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் தில்லியிடம் சென்றுவிட்டது. உரிமம் மறுக்கப்பட்டது, உற்பத்தி நின்றது. விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறுவனங்களுக்குள்ளேயே அதன் பிறகு பல பத்தாண்டுகள் இந்தியக் கார்த் தொழில் முடங்கிக் கிடந்தது.

கல்வியிலும் இதே கதைதான். 1945-இல் கோவையில் தொடங்கிய ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்குக்கு அவரே முதல்வர். நான்காண்டுப் படிப்பு காலவிரயம் என்பது அவர் கருத்து. பட்டறையில் கைவைத்துக் கற்பவனுக்கு அத்தனை ஆண்டுகள் எதற்கு? அரசு ஏற்கவில்லை, அவர் பதவியை விட்டு விலகினார். இந்த விஷயத்தில் முழு நியாயமும் அவர் பக்கம் இருந்ததாக நான் எண்ணவில்லை. கணக்கும் கோட்பாடும் பட்டறையில் மட்டும் வந்துவிடுவதில்லை.

நான் இளையாத்தங்குடிக்காரன். நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் பொருள் ஈட்டி வந்தவர்கள் எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் உலகத்தையே கொண்டுவந்து நிரப்பினார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி இவற்றோடு சீமைக் கார்களும் வந்தன. வாங்குவதில் எங்களவர்க்கு நிகரில்லை. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகு வீடுகள் பிரிக்கப்பட்டன. தூண் ஒரு பக்கம், நிலைக்கதவு ஒரு பக்கமாக விற்பனைக்குப் போயின. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அவற்றை இன்றும் காணலாம். விற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. நூறு சன்னல் கொண்ட வீட்டுக்கு ஓடு மாற்றும் செலவை அறிந்தவன் நான். ஆனால் அந்தக் கடைகளில் எங்களவர் வாங்கிய பொருள்களைத்தான் பார்க்கிறேன். எங்களவர் கண்டுபிடித்த ஒரு கருவியைக்கூடப் பார்த்ததில்லை.

கோவை அவினாசி சாலையில் நாயுடுவின் பெயர் தாங்கிய கார் அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பட்டது. 1886-இல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியின் மாதிரியிலிருந்து தொடங்கி, உலகின் பல நாட்டு வண்டிகளைச் செப்பனிட்டு வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஏலக்காரரின் சுத்தியலுக்குப் போகாமல் பிள்ளைகள் வந்து பார்க்கும்படி அவை நிற்கின்றன.

நாயுடு 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார். அதன்பின் ஏறக்குறைய பத்தாண்டு கழித்து, 1983 டிசம்பரில், அரசு நிறுவனமே ஜப்பானியக் கூட்டோடு மாருதி 800 என்னும் சிறிய காரை வெளியிட்டது. முன்பதிவு செய்தவர்கள் அதற்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.